ஊதினால்தான் வண்டி கிளம்பும்: கலிபோர்னியாவின் இக்னிஷன் இன்டர்லாக் கருவியும் குடித்து ஓட்டுதல் சட்டமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டும் குற்றத்துக்கான தண்டனையும் நடைமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். இங்கே உள்ள பதில்கள் கலிபோர்னியாவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே இந்தக் குற்றத்தை எல்லாரும் டியூஐ என்றே சொல்கிறார்கள். உரிமம் வழங்கும் மோட்டார் வாகனத் துறையை டிஎம்வி என்கிறார்கள். இப்பக்கத்திலும் அதே சொற்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன. பொதுவான நடைமுறையைப் புரிந்துகொள்ள இது உதவும். வழக்கு ஒன்று கையில் இருந்தால் வழக்கறிஞரிடம் போகத்தான் வேண்டும்.

இக்னிஷன் இன்டர்லாக் என்பது என்ன?

காரின் ஸ்டார்ட்டர் இணைப்போடு சேர்த்துப் பொருத்தப்படும் சுவாசப் பரிசோதனைக் கருவி அது. பழைய செல்போன் அளவில் கையில் பிடிக்கும் ஒரு பகுதியும், டாஷ்போர்டுக்கு அடியில் மறைவாக இருக்கும் ஒரு பகுதியும் அதற்கு உண்டு. இரண்டையும் சுருள் வயர் இணைத்திருக்கும். ஓட்டுநர் அதில் ஊத வேண்டும். மூச்சில் உள்ள ஆல்கஹால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாது, வண்டி கிளம்பாது. ஒவ்வொரு ஊதலும் நேரத்தோடும் அளவோடும் நினைவகத்தில் பதிவாகும். பல கருவிகளில் சிறு கேமராவும் உண்டு. ஊதியவர் யார் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

உள்ளே இருக்கும் உணரி மின்வேதியியல் முறையில் இயங்கும் எரிபொருள் கலம். மூச்சில் வரும் எத்தனால் அதில் படும்போது வேதிவினை நடந்து மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. ஆல்கஹால் கூடினால் மின்னோட்டமும் கூடும். சிகரெட் புகை, வெறும் வயிற்றில் உண்டாகும் அசிட்டோன் போன்றவற்றால் ஏமாந்த பழைய குறைக்கடத்தி உணரிகளைக் காட்டிலும் இது நம்பகமானது.

0.08 என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது எதன் அளவு?

100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.08 கிராம் ஆல்கஹால் என்பது அதன் பொருள். மூச்சில் அளக்கும்போது 210 லிட்டர் மூச்சுக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுகிறார்கள். கலிபோர்னியாவில் 21 வயதைக் கடந்த சாதாரண ஓட்டுநருக்கு இதுதான் வரம்பு. லாரி, பஸ் போன்ற வணிக வாகன ஓட்டுநருக்கும், பயணியை ஏற்றிச் செல்லும் டாக்ஸி, ஊபர் ஓட்டுநருக்கும் 0.04. 21 வயதுக்குக் குறைந்தவருக்கும், ஏற்கெனவே டியூஐ வழக்கில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவருக்கும் 0.01, அதாவது ஒரு மடக்குகூடக் கூடாது.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் அது 0.03. ‘ஊரில் கெடுபிடி, இங்கே தாராளம்’ என்று இதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது ஆபத்தான கணக்கு. கலிபோர்னியச் சட்டத்தில் இரண்டு தனித்தனிக் குற்றங்கள் உள்ளன: 0.08 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது ஓட்டுவது ஒன்று; அளவு எதுவானாலும் மதுவின் தாக்கத்தில் ஓட்டுவது மற்றொன்று. 0.06 காட்டியவர் மீதும் இரண்டாவது பிரிவில் வழக்குப் போட முடியும்.

சாலையில் நிறுத்தி ஊதச் சொன்னால் மறுக்கலாமா?

இரண்டு சோதனைகளைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கைது செய்வதற்கு முன், சாலையோரத்தில் காவலர் நீட்டும் கையடக்கக் கருவியில் ஊதுவது முதற்கட்டச் சோதனை. 21 வயதைக் கடந்தவரும் டியூஐ கண்காணிப்பில் இல்லாதவரும் அதை மறுக்கலாம். கைதான பிறகு நடக்கும் மூச்சு அல்லது ரத்தச் சோதனை வேறு. அங்கே வண்டி ஓட்டுவதாலேயே அதற்கு நீங்கள் சம்மதித்துவிட்டதாகச் சட்டம் கருதுகிறது. அதை மறுத்தால், நீதிமன்றத்தில் என்ன ஆனாலும், டிஎம்வி முதல் முறையிலேயே ஓராண்டுக்கு உரிமத்தை நிறுத்திவைக்கும்.

கைதாகி வீட்டுக்கு வந்தவர் முதலில் செய்ய வேண்டியது என்ன?

நாள்காட்டியில் பத்து நாள் எண்ணுவது. காவலர் உரிமத்தை வாங்கிக்கொண்டு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு தாள் கொடுத்திருப்பார். 30 நாளுக்குத் தற்காலிக உரிமமும் அதுதான், உரிமம் நிறுத்தப்படப் போகிறது என்ற அறிவிப்பும் அதுதான். நிறுத்தத்தை எதிர்த்து விசாரணை கேட்க விரும்பினால் பத்து நாளுக்குள் டிஎம்வியிடம் கேட்டுவிட வேண்டும். கேட்டுவிட்டால் முடிவு வரும்வரை நிறுத்தம் அமலுக்கு வராது. கேட்கத் தவறினால் 30 நாள் முடிந்ததும் தானாகவே அமலாகும். முதல் முறை என்றால் நான்கு மாதம்.

டியூஐ வழக்கு இரட்டை மாட்டு வண்டி போன்றது: நீதிமன்றம் ஒருபக்கம் குற்ற வழக்கை நடத்தும், டிஎம்வி மறுபக்கம் உரிமத்தைப் பற்றி மட்டும் தனியாக முடிவு எடுக்கும். ‘கோர்ட்டில்தான் இன்னும் தேதியே வரவில்லையே’ என்று சும்மா இருந்துவிட்டு, உரிமம் நிறுத்தப்பட்டது தெரியாமல் ஆபீசுக்கு ஓட்டிப்போய் இரண்டாவது வழக்கை வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தைப் பொறுமையாக ஒரு முறை படித்திருந்தால் போதும்.

முதல் முறை குற்றத்துக்குத் தண்டனை என்ன?

யாருக்கும் காயம் இல்லாத முதல் வழக்கில் சட்டப்படி அபராதம் 390 டாலர் முதல் 1,000 டாலர் வரை. அதன் மேல் ஏறும் கூடுதல் கட்டணங்கள் அந்தத் தொகையைப் பல மடங்காக்கிவிடும். ஆறு மாதம் வரை சிறை விதிக்க இடமுண்டு; மூன்று முதல் ஐந்தாண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பு உண்டு. குறைந்தது மூன்று மாதம் டியூஐ வகுப்புக்குப் போக வேண்டும், அளவு 0.20ஐத் தொட்டிருந்தால் ஒன்பது மாதம். உங்களுக்குக் காப்பீடு இருக்கிறது என்பதற்கான எஸ்ஆர்-22 என்ற சான்றை வாகனக் காப்பீட்டு நிறுவனம் டிஎம்விக்கு அனுப்ப வேண்டும். பிரீமியம் எகிறுவது இங்கேதான்.

தீர்ப்பின்போது வாட்சன் எச்சரிக்கை என்ற ஒன்றும் உண்டு. குடித்து ஓட்டி ஒருவரைக் கொன்றவர் மீது இரண்டாம் நிலைக் கொலைக் குற்றம் சாட்டலாம் என்று 1981இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் வாட்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின், ‘இது உயிருக்கு ஆபத்தான செயல், மீண்டும் செய்து யாரேனும் இறந்தால் கொலைக் குற்றம் சாட்டப்படலாம்’ என்று குற்றவாளிக்குச் சொல்லிவைப்பது வழக்கமாயிற்று. பின்னாளில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாதபடி செய்யும் ஏற்பாடு அது.

கருவி யாருக்கு, எவ்வளவு காலம்?

2010 ஜூலை முதல் லாஸ் ஏஞ்சலஸ், அலமேடா, சாக்ரமென்டோ, துலேர் ஆகிய நான்கு மாவட்டங்களில் சோதனை முயற்சியாக இருந்த திட்டம், 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. காலக்கெடுவோடு இயற்றப்பட்ட அச்சட்டம் 2026 தொடக்கத்தில் முடிவதாக இருந்து, பின்னர் நீட்டிக்கப்பட்டது.

காயம் ஏற்படாத வழக்குகளில் இரண்டாம் முறைக்கு ஓராண்டு, மூன்றாம் முறைக்கு இரண்டாண்டு, நான்காம் முறைக்கு மூன்றாண்டு கருவி கட்டாயம். யாருக்கேனும் காயம் ஏற்பட்டிருந்தால் முதல் முறையே ஓராண்டு. முந்தைய வழக்குகளைக் கணக்கிடப் பத்தாண்டு பின்னோக்கிப் பார்க்கிறார்கள். காயம் இல்லாத முதல் வழக்கில் மட்டும் கருவி கட்டாயமில்லை. நீதிபதி விரும்பினால் ஆறு மாதம் வரை விதிக்கலாம். நியூ மெக்சிகோ மாநிலம் 2005லேயே முதல் முறை குற்றவாளிகள் அனைவருக்கும் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுவே. கலிபோர்னியா இந்த விஷயத்தில் இன்னும் தயங்கி நிற்கிறது என்பது என் கருத்து.

கட்டாயம் இல்லாதபோதும் முதல் முறைக்காரர் பலர் தாமாகவே பொருத்திக்கொள்கிறார்கள். காரணம் எளிது. கருவி இல்லையென்றால் முதலில் 30 நாள் ஓட்டவே கூடாது. அதன் பிறகும் வேலைக்கும் டியூஐ வகுப்புக்கும் மட்டுமே ஓட்ட அனுமதி. கருவி பொருத்தி, வகுப்பில் சேர்ந்து, எஸ்ஆர்-22 காட்டி, கட்டணமும் கட்டினால் எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். கைதான பின் சோதனையை மறுத்து உரிமம் இழந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

கருவியோடு ஒரு நாள் எப்படி இருக்கும்?

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை ஏழே கால். ஆபீசுக்குக் கணவர் ரயிலில் போகிறார். பிள்ளையைப் பள்ளியில் விட மனைவி காரை எடுக்கிறார். தண்டனை கணவருக்கு, ஆனால் ஊத வேண்டியவர் மனைவி. கருவிக்கு ஆள் யார் என்பது பொருட்டல்ல. அந்த வண்டியை எவர் எடுத்தாலும் ஊதித்தான் ஆக வேண்டும். சாவியைத் திருப்பியதும் கருவி சூடேறச் சிறிது நேரம் எடுக்கும், குளிர்காலத்தில் கூடுதலாகும். திரையில் அனுமதி வந்ததும் குழாயை வாயில் வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு, சில விநாடி சீராக ஊத வேண்டும். சில கருவிகளில் ஊதிக்கொண்டே ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிக்க வேண்டும், சிலவற்றில் ஊதி முடித்ததும் உள்ளே இழுக்க வேண்டும். பலூனிலோ காற்றடிக்கும் பம்பிலோ அடைத்த காற்றைக் கொண்டு ஏமாற்றாமல் இருக்க இந்த ஏற்பாடு. முதல் வாரத்தில் முறை பிடிபடாமல் நாலைந்து தடவை ஊதி, பின்சீட்டுப் பிள்ளை ‘நான் ஊதட்டுமா?’ என்று கேட்பது இந்த வீடுகளில் நடக்கும்.

வண்டி கிளம்பி 5 முதல் 15 நிமிடத்துக்குள் கருவி மீண்டும் ஒலி எழுப்பி ஊதச் சொல்லும். அதன் பிறகும், எப்போது என்று முன்கூட்டித் தெரியாதபடி, இடையிடையே கேட்கும். சில நிமிட அவகாசம் தருவதால் ஓரமாக நிறுத்தி ஊதுவதே நல்லது. அந்த நேரத்தில் தவறினாலோ ஊதாமல் விட்டாலோ ஓடும் எஞ்சின் நின்றுபோகும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நிற்காது; நெடுஞ்சாலையில் எஞ்சினை அணைப்பது ஆபத்து. ஹார்ன் அடிக்கும், விளக்குகள் மின்னும், நிகழ்வு பதிவாகும்.

குறைந்தது 60 நாளுக்கு ஒரு முறை அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குக் கொண்டுபோய் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். பதிவுகளை இறக்கிப் பார்ப்பதும் அப்போதுதான். இடையில் வேறு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு பேட்டரி இணைப்பைக் கழற்ற நேர்ந்தால், முன்கூட்டியே கருவி நிறுவனத்துக்குச் சொல்லி, ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கருவியில் கை வைத்ததாகப் பதிவாகும்.

நேற்று இரவு குடித்தது இன்று காலை காட்டுமா?

காட்டும். கருவிக்கு 0.08 கணக்கே கிடையாது, 0.02 அல்லது 0.03 அளவிலேயே பூட்டிவிடும். உடல் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 0.015 அளவுக்குத்தான் ஆல்கஹாலைக் கரைக்கிறது. இரவு ஒரு மணிக்கு 0.12 இருந்தவருக்கு, ஆறு மணி நேரத்தில் 0.09 குறைந்து, காலை ஏழு மணிக்கு இன்னும் 0.03 மிச்சம் இருக்கும். தலை தெளிந்திருக்கும், கை நடுங்காது, ஆனாலும் வண்டி கிளம்பாது. காபி, மோர், எலுமிச்சைச் சாறு, குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது.

குடிக்காமலேயே கருவி பூட்டிக்கொள்ளுமா?

சில நேரம் நடக்கும். மவுத்வாஷ், இருமல் மருந்து, ஈஸ்ட் சேர்த்த பிரெட் போன்றவை வாயில் சிறிது நேரம் ஆல்கஹால் தடயத்தை விட்டுவைக்கும். நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது அரிஷ்டம். பிரசவித்த பெண்ணுக்கும் வயதானவர்களுக்கும் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் நொதித்தலால் தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது; குப்பியின் லேபிளிலேயே அது அச்சிட்டிருக்கும். கண்ணாடி கழுவும் திரவத்திலிருந்தும் கை சானிடைசரிலிருந்தும் காருக்குள் தேங்கும் ஆவியும் குழப்பக்கூடும்.

வாயில் மட்டும் இருக்கும் ஆல்கஹால் சுமார் 15 நிமிடத்தில் மறைந்துவிடும். தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளித்து, காத்திருந்து, மீண்டும் ஊதுங்கள். முதலில் தவறி 15 நிமிடம் கழித்துச் சுத்தமாக வந்த ஊதலைப் பதிவேடு பார்ப்பவர் புரிந்துகொள்வார். கோபத்தில் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அந்த ஒற்றைத் தோல்வி மட்டுமே பதிவில் நிற்கும்.

வேறு யாரையாவது ஊதச் சொன்னால் என்ன?

ஊதச் சொன்னவரும் குற்றவாளி, ஊதியவரும் குற்றவாளி. ஆறு மாதம் வரை சிறையோ 5,000 டாலர் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கட்டுப்பாடு இருப்பது தெரிந்தே கருவி இல்லாத தன் வண்டியைத் தண்டனை பெற்றவருக்கு இரவல் கொடுக்கும் நண்பரும் இதில் அகப்படுவார்.

சொந்தக் கார் இல்லையென்றால்? ஆபீஸ் வண்டி ஓட்ட வேண்டியிருந்தால்?

சொந்த வண்டி இல்லை என்பதை டிஎம்விக்கு உரிய படிவத்தில் எழுதிக் கொடுத்து விலக்குப் பெறலாம். ஆனால் மனைவி பெயரில் உள்ள அதே காரை ஓட்டிக்கொண்டு ‘எனக்கு வண்டி இல்லை’ என்று சொல்ல முடியாது. நிறுவனத்துக்குச் சொந்தமான வண்டியை வேலைக்காக ஓட்டலாம். முதலாளிக்குக் கட்டுப்பாட்டைத் தெரிவித்திருக்க வேண்டும், அதற்கான சான்று கையிலோ வண்டியிலோ இருக்க வேண்டும். தானே நடத்தும் கம்பெனியின் வண்டிக்கு இது பொருந்தாது. வாடகைக் காரில் கருவி இருக்காது என்பதால் அதை ஓட்ட முடியாது. மோட்டார் சைக்கிளில் பொருத்த வேண்டியதில்லை. கட்டுப்பாடு நீங்கும்வரை அதை ஓட்டவும் கூடாது.

செலவு எவ்வளவு?

நிறுவனத்தையும் காரின் வகையையும் பொறுத்து மாறும்; வாடகை மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 2 முதல் 4 டாலர் வரை, பொருத்தும் கூலி தனி. வருமானம் குறைந்தவருக்குச் சட்டம் சலுகை தருகிறது. கூட்டாட்சி வறுமைக்கோட்டு வருமானமோ அதற்குக் கீழோ உள்ளவர் செலவில் 10 சதவீதம் கட்டினால் போதும். அதன் இரண்டு மடங்கு வரை 25 சதவீதம், மூன்று மடங்கு வரை 50 சதவீதம், நான்கு மடங்கு வரை 90 சதவீதம். நிறுவனம் தானாக முன்வந்து இதைச் சொல்லும் என்று காத்திருக்காமல் வருமானச் சான்றோடு கேளுங்கள்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு என்ன ஆகும்?

தமிழர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுவே. தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல், கைதான செய்தியை வைத்தே அமெரிக்க வெளியுறவுத் துறை கடவுச்சீட்டில் உள்ள விசாவை ரத்து செய்யலாம்; பலருக்கு மின்னஞ்சலில்தான் அது தெரியவருகிறது. விசா வேறு, தங்கும் அனுமதி வேறு. விசா ரத்தானதாலேயே உடனே வேலையை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. ஆனால் அக்காவின் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால், சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிதாக விண்ணப்பித்து விசா வாங்கித்தான் திரும்ப முடியும். அங்கே, தூதரகம் குறிப்பிடும் மருத்துவரிடம் மதுப் பழக்கம் குறித்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இரண்டு வார விடுப்பில் போனவர் பல வாரம் ஊரில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். விண்ணப்பத்தில் கைதைப் பற்றிய கேள்விக்கு உண்மையே எழுதுங்கள். மறைத்தால் டியூஐயைவிடப் பெரிய சிக்கல் அது.

குடியுரிமை கோருபவருக்கு மற்றொன்று: நன்னடத்தை பார்க்கப்படும் காலத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டியூஐ தண்டனை இருந்தால் நன்னடத்தை இல்லை என்றே முதலில் கருத வேண்டும் என 2019இல் அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் முடிவு செய்தார். ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு கேட்டுப் பயன் குறைவு.

கருவியால் உண்மையில் பயன் உண்டா?

வண்டியில் இருக்கும்வரை உண்டு. மீண்டும் குடித்து ஓட்டிப் பிடிபடுவது கருவி இருக்கும் காலத்தில் சுமார் 70 சதவீதம் குறைகிறது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். கழற்றிய பிறகு அந்தப் பலன் பெரிதும் தேய்ந்துவிடுகிறது. கருவி காரைத்தான் காவல் காக்கிறது, மனிதரைக் குணப்படுத்துவதில்லை. சிகிச்சையும் சேர்ந்து நடந்தால்தான் மாற்றம் தங்கும். உரிமத்தைப் பறிப்பது மட்டுமே போதுமே என்பவர்களுக்கு: உரிமம் இல்லாமலும் வண்டி ஓடும். 2023இல் அமெரிக்காவில் குடித்து ஓட்டியதால் நடந்த விபத்துகளில் 12,429 பேர் இறந்தார்கள்.

கஞ்சாவைக் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்காது. ஆனால் கஞ்சாவின் தாக்கத்தில் ஓட்டுவதும் டியூஐதான்.

இனி எல்லாப் புதுக் கார்களிலும் இது வருமா?

ஊதும் குழாய் வராது. 2021 நவம்பரில் இயற்றப்பட்ட உள்கட்டமைப்புச் சட்டம், ஓட்டுநர் போதையில் இருப்பதைத் தானாகவே உணரும் தொழில்நுட்பத்தைப் புதுக் கார்களில் கட்டாயமாக்க விதி வகுக்கும்படி தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு மூன்றாண்டு கெடு கொடுத்தது. 2024 ஜனவரியில் முன்னறிவிப்பு வந்தது. 2024 நவம்பரில் கெடு முடிந்தபோதும் விதி வந்திருக்கவில்லை.

காலம் முடிந்ததும் நானே கழற்றிவிடலாமா?

கூடாது. நீங்கள் எண்ணும் தேதியும் டிஎம்வி கணினியில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கருவி பொருத்திய சான்று அவர்களிடம் தாமதமாகச் சேர்ந்திருந்தால் கணக்கு அங்கிருந்தே தொடங்கியிருக்கும். கட்டுப்பாடு நீங்கியதை டிஎம்வியிடம் உறுதிசெய்து, மறுவழங்கல் கட்டணம் பாக்கி இருந்தால் கட்டிவிட்டு, அதன் பிறகு பட்டறையில் நேரம் வாங்குங்கள். எஸ்ஆர்-22 சான்றை வழக்கமாக மூன்றாண்டு வைத்திருக்க வேண்டியிருப்பதால், கருவி போன பிறகும் அது தொடரும். இடையில் காப்பீடு ஒரு நாள் விட்டுப்போனாலும் நிறுவனம் டிஎம்விக்குத் தெரிவித்துவிடும், உரிமம் மறுபடி நிறுத்தப்படும்.